அவா மாரு: ஒரு கப்பலின் கணக்கு

சிலாங்கூர் மாநிலத்தில் கிள்ளானுக்குத் தெற்கே ஜெஞ்சாரோம், பந்திங், மோரிப் எனக் கடற்கரை வரை நீண்டு கிடப்பது கோலலங்காட் மாவட்டம். 1945 செப்டம்பர் 9-ஆம் நாள் மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் வந்து இறங்கின. ஜப்பான் அதற்கு முன்பே பணிந்துவிட்டதால் அங்குப் போர் நிகழவில்லை. படைகள் வந்தன, பழைய ஆட்சி மீண்டது, அதன்பின் கணக்குப் பார்க்கும் காலம் தொடங்கியது. யார் எதை இழந்தார், யார் அதற்குப் பொறுப்பாளி, யார் கையில் யார் கொடுப்பது என்னும் வினாக்கள் எழுந்தன.

அவ்வாறு தீர்க்கப்பட்ட கணக்குகளுள் ஒன்று, அதே ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் சிங்கப்பூர்த் துறையைவிட்டுப் புறப்பட்ட ஜப்பானியக் கப்பல் ஒன்றைப் பற்றியது. அதன் பெயர் அவா மாரு. பகைநாட்டுக் கைதிகளுக்கு உணவும் மருந்தும் கொண்டுவந்த கப்பல் அது. பகைவரே அதற்குப் பாதுகாப்பு உறுதி அளித்திருந்தனர். அப்பகைவரே அதை மூழ்கடித்தனர். அறப்பணிக்கு ஈடுபடுத்தப்பட்ட உடைமை அழிந்தால் அதற்குரிய பொறுப்பு எவ்வாறு தீர்க்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அக்காலத்தில் வேறொன்று கிடைப்பது அரிது. மலாயாத் தமிழர் இழந்தவற்றின் கணக்கு எவ்வாறு முடிந்தது என்பதை அறியவும் இவ்வரலாறு ஒரு நல்ல அளவுகோலாக உதவும்.

உதவிப் பொருள்கள் வந்த வழி

1942-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மலாயா, சிங்கப்பூர், டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், பிலிப்பைன் தீவுகள் ஆகியன அடுத்தடுத்து ஜப்பானியர் வசமாயின. நேச நாடுகளின் போர்வீரரும் குடிமக்களும் பல்லாயிரவர் சிறைப்பட்டனர். போர்க் கைதிகளை நடத்தும் முறைபற்றிய 1929-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையொப்பமிட்டிருந்ததே ஒழிய, அதனை உறுதிசெய்து ஏற்கவில்லை. எனினும் வேண்டிய மாற்றங்களோடு அதைக் கடைப்பிடிப்பதாக 1942-இல் அறிவித்தது. அந்த அறிவிப்பே செஞ்சிலுவைச் சங்க உதவிகளுக்கு வாயிலாயிற்று.

வாயில் திறந்ததே அன்றி வழி எளிதாக அமையவில்லை. 1943 அக்டோபரில், அந்நாளில் போர்ச்சுகீசியர் ஆட்சியிலிருந்த கோவாவின் மர்மகோவாத் துறைமுகத்தில் இரு தரப்பாரும் தத்தம் குடிமக்களைக் கப்பலுக்குக் கப்பல் மாற்றிக்கொண்டனர். அப்போது கைதிகளுக்கான பொருள்களும் கைமாறின. அதன்பின் அத்தகைய பரிமாற்றம் நிகழவில்லை. அமெரிக்க, கனடியச் செஞ்சிலுவைச் சங்கங்கள் திரட்டிய உணவுப் பொட்டலங்கள், மருந்துகள், ஆடைகள் ஆகியன சோவியத் நாட்டின் கீழ்க்கோடித் துறைமுகத்தில் நெடுநாள் தேங்கிக் கிடந்தன. 1944 நவம்பரில் ஜப்பானியக் கப்பல் ஒன்று சென்று ஏறத்தாழ 2,000 டன் பொருளை ஏற்றிவந்தது. அதில் ஒரு பகுதியைத் தென்பகுதி முகாம்களுக்குக் கொண்டுசெல்லும் பணியே அவா மாருவுக்கு அமைந்தது.

அவா என்பது ஜப்பானின் சிகோக்குத் தீவிலிருந்த ஒரு பழைய நாட்டின் பெயர். மாரு என்பது அந்நாட்டு வணிகக் கப்பல்களின் பெயருக்குப் பின் வழங்கும் சொல். நிப்பான் யூசென் கெய்ஷா என்னும் கப்பற் கம்பெனிக்கு உரிய இக்கப்பல் 1943-இல் நாகசாகியில் கட்டி முடிக்கப்பட்டது. 11,249 டன் அளவினது. அந்நாளில் ஜப்பானிடம் எஞ்சியிருந்த பெரிய வணிகக் கப்பல்களுள் இதுவும் ஒன்று.

பாதுகாப்பு உறுதி

இரு தரப்புக்கும் நடுநின்று செய்திகளைக் கொண்டுசென்றது சுவிட்சர்லாந்து அரசு. கப்பலின் பெயர், தோற்றம், செல்லும் வழி, தங்கும் துறைகள், நாள்கள் ஆகியவற்றை ஜப்பான் முன்கூட்டியே தெரிவித்தது. கப்பலின் இரு பக்கங்களிலும் புகைபோக்கியிலும் பெரிய வெள்ளைச் சிலுவைகள் தீட்டப்பட்டன. இரவில் அவற்றின்மேல் விளக்கொளி படுமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. போகும்போதும் வரும்போதும் அதனைத் தாக்குவதில்லை என்று அமெரிக்கா உறுதி கூறியது.

1945 பிப்ரவரி 17-ஆம் நாள் கப்பல் மோஜித் துறையிலிருந்து புறப்பட்டது. ஏறத்தாழ 800 டன் உதவிப் பொருள்கள் அதில் இருந்தன. ஹாங்காங், சைகோன், சிங்கப்பூர், ஜாவா எனத் துறைதோறும் அவை இறக்கப்பட்டன. ஆனால் அக்கப்பல் உதவிப் பொருளை மட்டும் சுமந்து வரவில்லை. பாதுகாப்பு உறுதியைப் பயன்படுத்திப் போர்த் தளவாடங்களையும் ஜப்பானியர் உடன் அனுப்பினர். திரும்பும்போது சிங்கப்பூரில் ரப்பரும் வெள்ளீயமும் பிற பொருள்களும் நிறைய ஏற்றப்பட்டன. கப்பல்கள் பல மூழ்கிப்போன அக்காலத்தில், தாக்கப்படாது என்று உறுதி பெற்ற கப்பல் ஒன்றே என்பதால் அதில் இடம்பெறப் பலர் முயன்றனர். கப்பலிழந்த மாலுமிகள், தொழில் வல்லுநர், அதிகாரிகள் முதலியோருடன் பெண்களும் குழந்தைகளும் ஏறினர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு புறப்பட்டனர்.

ஏப்ரல் முதல் நாள் இரவு

ஏப்ரல் 1-ஆம் நாள் இரவு, தைவான் நீரிணையில், சீனத்து ஃபூகியன் கரைக்கு அப்பால் கப்பல் சென்றுகொண்டிருந்தது. மூடுபனி அடர்ந்திருந்தது. அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலான குயின்ஃபிஷ், ரேடார் கருவியில் தெரிந்த வடிவையும் வேகத்தையும் கொண்டு அதனைப் போர்க்கப்பல் என்று கருதியது. நான்கு டார்பிடோக்கள் ஏவப்பட்டன. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. உயிரோடு மீட்கப்பட்டவர் ஒருவரே. அவர் சொன்ன பின்னரே மூழ்கியது எந்தக் கப்பல் என்பது தாக்கியவர்க்குத் தெரிந்தது. கடலில் ரப்பர்க் கட்டுகள் மிதந்தன.

நீர்மூழ்கியின் தலைவர் சார்லஸ் எலியட் லாஃப்லின் குவாம் தீவில் இராணுவ நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டார். அவா மாருவைத் தாக்கலாகாது என்ற செய்தி கம்பியில்லாத் தந்தியில் முன்பே அனுப்பப்பட்டிருந்தும் அவர் பார்வைக்கு அது சென்று சேரவில்லை என்பது விசாரணையில் புலனாயிற்று. ஆணைகளை நிறைவேற்றுவதில் கவனக்குறைவாக இருந்தார் என்ற ஒரு குற்றம் மட்டும் உறுதியாயிற்று. கண்டனக் கடிதம் ஒன்றே தண்டனை. தண்டனை மிக இலேசானது எனக் கருதிய கடற்படைத் தலைவர் நிமிட்ஸ், நீதிமன்ற உறுப்பினர்களையே கண்டித்தார்.

பொறுப்பும் கோரிக்கையும்

சுவிட்சர்லாந்தின் வாயிலாக ஜப்பான் தன் கண்டனத்தைத் தெரிவித்தது. 1945-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கா பொறுப்பை ஏற்றது. அதன் உறுதியை நம்பிச் சென்ற கப்பல் அதன் படையாலேயே அழிந்தது என்பதை மறுக்க இயலவில்லை. கப்பலில் போர்ப் பொருள் இருந்தது என்று கூறிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் அமெரிக்கா முற்படவில்லை. ஆனால் இழப்பீட்டைப் பற்றிய பேச்சைப் போர் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது.

ஆகஸ்ட் 10-ஆம் நாள், நாகசாகியின்மேல் அணுகுண்டு விழுந்த மறுநாள், ஜப்பான் தன் கோரிக்கையைத் தொகையிட்டுக் கூறியது. உயிரிழப்புக்கும் பொருளிழப்புக்குமாக மொத்தம் 22 கோடியே 72 லட்சம் யென்னுக்கு மேல் கேட்டது. அதனோடு, மூழ்கிய கப்பலுக்கு ஈடாக மற்றொரு கப்பலும் வேண்டும் என்றது. ஐந்து நாள் கழித்து ஜப்பான் பணிந்தது. கோரிக்கை விடுத்த அரசு, யாரிடம் கோரியதோ அவர்தம் ஆட்சிக்குக் கீழ் வந்தது. எனினும் ஏற்றுக்கொண்ட பொறுப்பு எழுத்தில் இருந்தது; அதனால் கோரிக்கையும் உயிரோடு இருந்தது.

1949-ஆம் ஆண்டு ஒப்பந்தம்

போருக்குப்பின் ஜப்பானில் உணவுப் பஞ்சம் கடுமையாயிருந்தது. அமெரிக்கா உணவும் மூலப்பொருளும் கடனாகவும் உதவியாகவும் அனுப்பிவந்தது. அந்நிலையில் பழைய கோரிக்கையை வற்புறுத்துவது இரு அரசுகளுக்கும் உவப்பாக இல்லை. 1949 ஏப்ரலில் ஜப்பானியப் பாராளுமன்றம் கோரிக்கையைக் கைவிடுமாறு தீர்மானம் நிறைவேற்றியது. ஏப்ரல் 14-ஆம் நாள் ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. ஜப்பான் சார்பில் பிரதமரும் வெளிநாட்டு அமைச்சருமான யோஷிதா சிகெருவும், அமெரிக்கா சார்பில் வில்லியம் சீபால்டும் ஒப்பமிட்டனர். ஜெனரல் மக்ஆர்தர் உடனிருந்தார்.

அவ்வொப்பந்தத்தில் மூன்று கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது, ஜப்பான் தன் சார்பிலும் தன் குடிமக்கள் சார்பிலும் அக்கப்பல் தொடர்பான எல்லாக் கோரிக்கைகளையும் கைவிட்டது. அமெரிக்கா தன் வருத்தத்தைத் தெரிவித்தது. இரண்டாவது, மாண்டோர் குடும்பங்களுக்கும் கப்பலின் உடைமையாளர்க்கும் தக்க உதவி செய்வதை ஜப்பானிய அரசு தன் கடமையாக ஏற்றது. மூன்றாவது, ஒப்பந்தத்தோடு சேர்ந்த உடன்பாட்டுக் குறிப்பொன்றில், பணிந்தபின் ஜப்பான் பெற்ற கடன்கள் திருப்பித்தர வேண்டிய கடன்களே என்று உறுதி செய்யப்பட்டது. ஒருபுறத்துக் கடன் மன்னிக்கப்பட்டது. மறுபுறத்துக் கடன் எழுதிவைக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தன.

குடிமக்களின் கோரிக்கையை அரசு எவ்வாறு கைவிட இயலும் என்று கேட்கலாம். 1924-இல் ஹேக் நகரிலிருந்த நிலையான பன்னாட்டு நீதிமன்றம் மவ்ரோமாட்டிஸ் வழக்கில் இதற்கு விடை கூறியிருந்தது. தன் குடிமகனின் குறையை ஓர் அரசு எடுத்துக்கொண்டு பன்னாட்டு அளவில் வாதாடும்போது, அது தன் சொந்த உரிமையையே நிலைநாட்டுகிறது என்பது அத்தீர்ப்பின் கருத்து. அவ்வாறாயின், அரசு விரும்பினால் வற்புறுத்தலாம், விரும்பினால் விட்டுவிடலாம். இழந்தவரின் ஒப்புதல் வேண்டியதில்லை. இக்கொள்கையின் கடுமையை மாற்றுவது ஒன்றே ஒன்றுதான்: கோரிக்கையை விட்டுக்கொடுத்த அரசு, இழந்தவர்க்குத் தானே கடன்பட்டதாகும் என்னும் நேர்மை.

ஜப்பான் அக்கடனைச் சட்டமாக்கியது. 1950-ஆம் ஆண்டில் அவா மாரு நிகழ்ச்சிக்கெனவே தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. மாண்டவர் ஒவ்வொருவர்க்கும் 70,000 யென் ஆறுதல் தொகை. கப்பற் கம்பெனிக்கு ஏறத்தாழ 1 கோடியே 78 லட்சம் யென். அந்நாளைய மாற்று விகிதம் ஒரு டாலருக்கு 360 யென். ஆகவே ஓர் உயிருக்குக் கிடைத்தது 200 டாலருக்கும் குறைவே. 1945-இல் கேட்ட தொகையை நோக்க இது சிறிது. இடையில் விலைவாசி பன்மடங்கு உயர்ந்திருந்ததையும் நோக்கின் மிகச் சிறிது. ஆயினும் சட்டம் இருந்தது, பெயர்ப் பட்டியல் இருந்தது, தொகை குறிக்கப்பட்டிருந்தது, பெறுவோர் இன்னாரென்பதும் தெளிவாயிருந்தது.

மலாயாவின் கணக்கு

இந்த அளவுகோலைக் கொண்டு மலாயாவின் கணக்கைப் பார்க்கலாம். அவா மாரு கொண்டுவந்த பொட்டலங்கள் போர்க் கைதிகளுக்கும் சிறைப்பட்ட நேச நாட்டுக் குடிமக்களுக்கும் உரியவை. சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர் இவ்விரு வகையிலும் அடங்கவில்லை. அவர்கள் கூலிக்கு வந்தவர் என்றே எண்ணப்பட்டனர். ரப்பருக்குச் சந்தையின்றித் தோட்டங்கள் முடங்கிய காலத்தில், கூலியும் உணவும் உண்டென்ற சொல்லை நம்பிச் சென்றவர் சிலர்; பிடித்து அனுப்பப்பட்டவர் பலர். போருக்குப்பின் பிரிட்டிஷார் தொகுத்த கணக்கின்படி மலாயாவிலிருந்து சென்றவர் ஏறத்தாழ 78,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். இறந்தோர் என அக்கணக்கில் பதிவானவர் ஏறத்தாழ 29,600 பேர். தப்பி ஓடியவர் எனப் பதிவானவர் ஏறத்தாழ 24,600 பேர். ஓடியவருள் எத்தனை பேர் காட்டிலேயே மடிந்தனர் என்பதை அக்கணக்கு சொல்லாது.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்கு இட்ட தண்டவாளங்களுள் ஒரு பகுதி மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டவை. போருக்குப்பின் சயாம் நாட்டுப் பகுதியிலிருந்த பாதையைச் சயாம் அரசு 12 லட்சத்து 50 ஆயிரம் பவுனுக்கு வாங்கிக்கொண்டது. மலாயா, பர்மா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் ரயில்வேக்கள் இழந்த தண்டவாளங்களும் வண்டிகளும் அவ்விலைக்கு அடிப்படையாயின. இரும்புக்கு உடைமையாளர் இருந்தார். உடைமைக்குப் பதிவேடு இருந்தது. ஆதலின் அதற்கு விலை கிடைத்தது.

1951 செப்டம்பர் 8-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அதன் 16-ஆம் பிரிவு, நடுநிலை நாடுகளிலிருந்த ஜப்பானியச் சொத்துகளைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக முன்னாள் போர்க் கைதிகளுக்குப் பயன்படுத்த வழிசெய்தது. பிரிட்டிஷ் போர்க் கைதிகள் ஜப்பானியச் சொத்துகளிலிருந்து ஆளுக்கு 76 பவுன் 10 ஷில்லிங் பெற்றனர். சிறைப்பட்ட குடிமக்கள் 48 பவுன் 10 ஷில்லிங் பெற்றனர். மலாயா அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்தமையால் அதன் சார்பில் பேசியதும் பிரிட்டனே. இந்தியா சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் சேரவில்லை. 1952 ஜூன் 9-ஆம் நாள் ஜப்பானோடு தனி உடன்படிக்கை செய்து, இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பெருந்தன்மையோடு கைவிட்டது. இவ்வாறு, பிறந்த நாடும் உழைத்த நாட்டை ஆண்டவரும் தத்தம் கணக்கை முடித்துக்கொண்டபோது, இரண்டுக்கும் இடையில் நின்ற தோட்டத் தொழிலாளியின் பெயரை எடுத்துப் பேச எவரும் இல்லாது போயினர்.

1962-இல் சிங்கப்பூரில், ஜப்பானியர் காலத்தில் கொல்லப்பட்டவர்களைப் புதைத்த குழிகள் கண்டெடுக்கப்பட்டன. இரத்தக் கடன் என்ற பெயரில் கோரிக்கை மீண்டும் வலுத்தது. 1967 செப்டம்பர் 21-ஆம் நாள் மலேசியாவும் ஜப்பானும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2 கோடியே 50 லட்சம் மலேசிய வெள்ளி மதிப்புள்ள பொருளும் பணியும் வழங்க ஜப்பான் இசைந்தது. போர்க்காலத் துயர நிகழ்ச்சிகளால் எழுந்த பிரச்சினைகள் யாவும் முழுமையாகவும் முடிவாகவும் தீர்ந்தன என்று மலேசியா ஏற்றது. வந்த பொருள் யாது? பெருங்கடலில் செல்லும் இரண்டு சரக்குக் கப்பல்கள். 1968-இல் நிறுவப்பட்ட மலேசியப் பன்னாட்டுக் கப்பற் கழகத்துக்கு அவை சென்றன.

கப்பல்கள் நாட்டுக்குப் பயன்பட்டன என்பதில் ஐயமில்லை. புதிதாக விடுதலை பெற்ற நாடு தன் சரக்கைத் தன் கொடியின்கீழ் அனுப்ப அவை உதவின. ஆனால் 1949-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்த ஒரு கூறு 1967-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இல்லை. இழந்தோர் குடும்பங்களுக்குத் தக்க உதவி செய்வது அரசின் கடமை என்ற கூறே அது. ஆளுக்கு இவ்வளவு எனச் சயாம் சென்றவர் குடும்பங்களுக்கு ஒதுக்கிய பிரிவு எதுவும் அதில் காணப்படவில்லை.

எஞ்சியவை

1977-இல் சீன அரசு அவா மாருவைத் தேடிக் கண்டுபிடித்தது. பெருமளவு பொன்னும் மணியும் அதில் உள்ளன என்ற பேச்சு நெடுநாளாக உலவிவந்தது. சில ஆண்டுகள் தொடர்ந்த தேடலில் அந்தப் பொன் கிடைக்கவில்லை. கப்பலின் பெயர் ஜப்பானிய மொழியில் ஓர் ஊரைக் குறிப்பதே; எனினும் திருக்குறளின் அவாவறுத்தல் அதிகாரத்தை அறிந்த தமிழர்க்கு அப்பெயர் வேறொன்றை நினைவூட்டாமற் போகாது. கிடைத்த எலும்புகளையும் உடைமைகளையும் சீனா ஜப்பானிடம் ஒப்படைத்தது. மாண்டோர்க்கு டோக்கியோவின் சோசோஜிக் கோயிலில் நினைவுச் சின்னம் உள்ளது.

தாய்லாந்தின் காஞ்சனபுரியிலும், மரண ரயிலில் மாண்ட தமிழ்த் தொழிலாளர் நினைவாக அண்மை ஆண்டுகளில் நடுகல் ஒன்று எழுப்பப்பட்டுள்ளது. வீழ்ந்தவர்க்குக் கல் நாட்டிப் பெயரும் பீடும் எழுதும் வழக்கம் தமிழர்க்குத் தொன்மையானது. சங்க நூல்கள் அதனைக் கூறும். ஆனால் சயாமில் வீழ்ந்தோருள் பெரும்பாலோரின் பெயரை எழுதுவதற்குப் பட்டியல் இல்லை. தோட்டத்தில் கிராணி எழுதிய செக்ரோலில் அன்றாடம் இடம்பெற்ற பெயர், தோட்டத்தைவிட்டு ரயிலேறியபின் எந்த ஏட்டிலும் தொடரவில்லை.

அவா மாருவின் குடும்பங்கள் பெற்ற தொகை பெரிதன்று. அவர்களுள் பலர்க்கு அது நிறைவளிக்கவும் இல்லை. ஆயினும் அக்கணக்கு முடிந்தபோது ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி இருந்தது. மலாயாவின் கணக்கில் நாடு என்னும் ஒரே வரிதான் இருந்தது. முன்னதைச் சாத்தியமாக்கியவை மூன்று: புறப்படும்போதே எழுதப்பட்ட ஆவணம், பொறுப்பை ஏற்ற கடிதம், விட்டுக்கொடுத்த அரசு தன் மக்களுக்குச் செய்த சட்டம். முதலிரண்டும் தோட்டத் தொழிலாளிக்கு வாய்க்கவில்லை. அது பகைவரின் செயல். மூன்றாவது வாய்க்காதது அவ்வாறன்று. ஜெஞ்சாரோம் முதலாகத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில் சயாம் சென்ற பாட்டனாரின் பெயரை இன்றும் நினைவில் வைத்திருக்கும் முதியோரிடம் கேட்டு, அப்பெயர்களையேனும் எழுதிவைப்பது அந்தக் கணக்கின் விடுபட்ட வரிகளை நிரப்பும் முதற்பணியாகும்.